பழ ஈயின் சிறகில் புள்ளி வைப்பது எந்த ஜீன்?

கேள்வியில் இரண்டு பகுதி இருக்கிறது. பழ ஈயின் சிறகில் நரம்புகளும் கரும்புள்ளிகளும் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் விழுகின்றனவே, புள்ளிக்கென்று தனி ஜீன் உண்டா என்பது முதல் பகுதி. மதுரையில் ஒரு சாதாரணக் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் எம்.எஸ்ஸி. புராஜெக்டாக இதில் எதையாவது செய்து காட்ட முடியுமா என்பது இரண்டாவது. புள்ளிக்கென்று ஜீன் கிடையாது. புராஜெக்ட் செய்ய முடியும். ஆனால் ஜீனைவிட வெயில்தான் அதிகத் தொந்தரவு தரும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நத்தம், அழகர்கோவில் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவரிடம் ‘பழ ஈ’ என்றால் அவர் நினைப்பது பாக்ட்ரோசீரா டார்சாலிஸ். மெத்தில் யூஜினால் பொறி கட்டிப் பிடிக்கிறார்களே, அது. அதன் சிறகின் முன்விளிம்பில் பழுப்புப் பட்டை ஓடும், தோலைத் துளைத்துப் பழத்துக்குள் முட்டையிடும். மரபியலில் பேசப்படும் பழ ஈ டிரோசோபிலா, வேறொரு குடும்பம். பழக்கடையில் கனிந்து அழுகத் தொடங்கிய வாழைத்தாரைச் சுற்றி மொய்க்கும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள சிற்றீ. கீழே வருவதெல்லாம் இதைப் பற்றியது.

ஈயின் சிறகு புழுவுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. கருவில் ஏறத்தாழ 30 செல்களாக ஒதுங்கும் ஒரு சிறு திட்டு, மூன்றாம் பருவப் புழு உணவை விட்டுக் குப்பிச் சுவரில் ஏறும் நேரத்தில் ஏறத்தாழ 50,000 செல் கொண்ட பேரிக்காய் வடிவ மடிப்பாகியிருக்கும். இதைச் சிறகு வட்டு என்போம். அந்தக் கட்டத்தில் நரம்பும் இல்லை, நிறமும் இல்லை. ஆனால் எந்தச் செல் எங்கே இருக்கிறது என்ற கணக்கு முடிந்திருக்கும்.

கணக்கு இப்படிப் போகிறது. வட்டின் பின்பாதிச் செல்களில் மட்டும் என்கிரெய்ல்டு என்ற ஜீன் இயங்கும். முன்பாதிச் செல்லும் பின்பாதிச் செல்லும் எல்லை தாண்டிக் கலப்பதில்லை என்பதை கார்சியா-பெல்லிடோவும் சகாக்களும் 1973இல் காட்டினார்கள். பின்பாதி ஹெட்ஜ்ஹாக் என்ற புரதத்தைச் சுரக்கிறது. எல்லையை ஒட்டிய முன்பாதிச் செல்கள் அதை உணர்ந்து டிபிபி என்ற இன்னொரு புரதத்தைச் சுரக்கத் தொடங்குகின்றன. டிபிபி இரு பக்கமும் பரவுகிறது. எல்லைக்கருகில் செறிவு அதிகம், தள்ளிப் போகப்போகக் குறைவு. ஏறத்தாழ 20 மைக்ரான் தள்ளினால் செறிவு மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். இந்தச் சரிவைச் செல்கள் படிக்கின்றன: செறிவு அதிகமான இடத்தில் ஸ்பால்ட், அதைவிடச் சற்று அகன்ற பரப்பில் ஆப்டோமோட்டர்-பிளைண்டு, டிபிபி எட்டாத ஓரங்களில் பிரிங்கர் என்று ஜீன்கள் இயங்கும். மேல்தகடா கீழ்த்தகடா என்பதை ஆப்டெரஸ் என்ற ஜீன் தீர்மானிக்கிறது. அந்த இரண்டும் சந்திக்கும் கோட்டில் நாட்ச் என்ற ஜீன் வழியாக விங்லெஸ் என்ற புரதம் எழும்பி, சிறகின் விளிம்பு எது என்று குறிக்கிறது.

நரம்புகள் இந்த எல்லைகளின் மேல்தான் விழுகின்றன. நீள நரம்புகளை முன்விளிம்பிலிருந்து எண்ணுவது வழக்கம். ஸ்பால்ட் பரப்பின் முன் ஓரத்தை ஒட்டி இரண்டாம் நரம்பு. ஆப்டோமோட்டர்-பிளைண்டும் பிரிங்கரும் சந்திக்கும் பின்பக்க ஓரத்தில் ஐந்தாம் நரம்பு. நடுவிலுள்ள மூன்றும் நான்கும் ஹெட்ஜ்ஹாக் நேரடியாக எட்டும் பகுதியை அடைத்துக்கொண்டு இருபுறமும் நிற்கும். அவற்றுக்கு இடைப்பட்ட வெளியில் நரம்பு முளைக்காமல் காலியாக வைத்திருப்பது காலியர் என்ற ஜீன்.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகின்றன. உங்கள் கேள்விக்கான பதில் இதற்கு அடுத்துத்தான் வருகிறது. இரண்டாம் நரம்பை எழுப்பும் ஜீன் நிர்ப்ஸ். இது நரம்புக்கென்று பிறந்த ஜீன் அன்று. கருவின் வயிற்றுக் கண்டங்களை அமைக்கும் ஜீனாகத்தான் நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் வீஷாஸும் 1980இல் வெளியிட்ட பட்டியலில் இது வருகிறது. இது முற்றிலும் கெட்டால் கரு முட்டைக்குள்ளேயே செத்துப்போகும். ஆனால் ரேடியஸ் இன்கம்ப்ளீட்டஸ் என்று ஒரு பழைய திரிபு (மியூட்டன்ட்) வகை இருக்கிறது. அந்த ஈ நன்றாகப் பிறந்து, பறந்து, முட்டையும் இடும். இரண்டாம் நரம்பு மட்டும் நடுவில் அறுந்திருக்கும். ஆராய்ந்து பார்த்தால் நிர்ப்ஸின் புரதம் பழுதில்லை. அந்த ஜீனை ‘சிறகில், இந்த வரியில் மட்டும் இயக்கு’ என்று சொல்லும் டி.என்.ஏ. துண்டு கெட்டிருக்கிறது. இப்படிப்பட்ட துண்டுக்கு என்ஹான்சர் என்று பெயர். ஒரு ஜீனுக்குப் பல என்ஹான்சர்கள் இருக்கலாம். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்துக்கும் காலத்துக்குமான ஸ்விட்ச். சிறகின் வடிவத்தைப் பற்றி ஒன்றே ஒன்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஜீன்கள் பொது, வடிவம் ஸ்விட்சில் இருக்கிறது.

நாட்ச் திரிபும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டும். ஒரு பிரதி மட்டும் கெட்ட பெண் ஈயில் விளிம்பு கடித்தெடுத்தது போலிருக்கும், நரம்புகளும் தடித்திருக்கும், குறிப்பாக விளிம்பைத் தொடும் முனைகளில். விளிம்பு எழும்ப ஒரு முறை, பிறகு கூட்டுப்புழுவில் நரம்பின் அகலத்தை அடக்க இன்னொரு முறை என்று அதே ஜீன் இரு வேலைக்குப் போகிறது. எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அதைப் பெறும் ஆண்கள் பிழைப்பதில்லை. நாட்ச் பெண்ணைச் சாதாரண ஆணோடு சேர்த்தால் மகள்களும் மகன்களும் இரண்டுக்கு ஒன்று என்று வரும். எண்ணிக்கை தப்பிவிட்டது என்று பதற வேண்டாம்.

இனி நிறம். ஆய்வகங்களில் வளரும் டிரோசோபிலா மெலனோகாஸ்டர் சிறகில் புள்ளி கிடையாது. புள்ளியுள்ள நெருங்கிய உறவு டிரோசோபிலா பியார்மிப்ஸ். 1924இல் மல்லாக் தென்னிந்திய மாதிரிகளை வைத்து விவரித்த இனம், நம் ஊர்க்காரன் என்றே சொல்லலாம். ஆணின் சிறகு நுனியில், முன்விளிம்பை ஒட்டி ஒரு கரும்புள்ளி. பெண்ணைக் கவர ஆண் அதன் முன்னால் நின்று சிறகை விரித்துக் காட்டும்.

அந்தப் புள்ளி உருவாக இரண்டு ஜீன்கள் ஒன்றுக்கொன்று எதிராக இயங்க வேண்டும். யெல்லோ, கருப்பு நிறமியான மெலனினுக்கு உதவும். எபனி, டோபமினை வெளிர் நிறப் பொருளின் பக்கம் திருப்பிவிடும். புள்ளி விழும் இடத்தில் யெல்லோ ஏறியிருக்கும், எபனி இறங்கியிருக்கும். யெல்லோ மட்டும் ஏறினால் போதாது. இரண்டு ஜீன்களும் மெலனோகாஸ்டரிலும் இருக்கின்றன, அங்கே சிறகு முழுக்கப் பரவலாக, மெலிதாக இயங்குகின்றன. வித்தியாசம் எங்கே? கோம்பெல், புருடோம், கேரல் குழு 2005இல் பியார்மிப்ஸின் யெல்லோ ஜீனுக்கு அருகிலுள்ள ஸ்விட்சை எடுத்து, ஒளிரும் புரதத்தோடு இணைத்து, மெலனோகாஸ்டருக்குள் வைத்தது. புள்ளியே இல்லாத அந்த ஈயின் சிறகு நுனியில் ஒளி தெரிந்தது. அதாவது ‘இது சிறகின் முன்நுனி’ என்ற தகவல் புள்ளியில்லாத ஈயிலும் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் படிக்கும் ஸ்விட்ச்தான் இல்லை. இன்னும் சுவையானது, அந்த ஸ்விட்சில் என்கிரெய்ல்டு புரதம் வந்து ஒட்டும் இடங்கள் இருந்தன. அவை சிறகின் பின்பாதியில் யெல்லோவை அடக்குகின்றன. அந்த இடங்களைக் கெடுத்தால் ஒளி பின்பாதிக்கும் பரவுகிறது. சிறகை இரண்டாகப் பிரிக்க உதவிய அதே பழைய என்கிரெய்ல்டுதான் புள்ளிக்கும் பின்எல்லை போடுகிறது. நுனிப்பக்கம் யெல்லோவை ஏற்றுவதும் எபனியை இறக்குவதும் டிஸ்டல்-லெஸ் என்று 2013இல் தெரிய வந்தது. காலின் நுனியை அமைப்பதில் பெயர் பெற்ற ஜீன் அது.

அமெரிக்க இனமான டிரோசோபிலா கட்டிஃபெராவில் ஒரு புள்ளியோடு நிற்காது. குறுக்கு நரம்புகளின் மேல், நீள நரம்புகளின் முனைகளில், நரம்பின் மேலுள்ள உணர்வுக் குமிழ்களைச் சுற்றி என்று சிறகெங்கும் புள்ளிகள். வெர்னர், கோஷிகாவா, வில்லியம்ஸ், கேரல் ஆகியோர் 2010இல் காட்டியது: புள்ளி விழும் ஒவ்வொரு மையத்திலும் விங்லெஸ் சுரக்கிறது, வேறிடத்தில் வலிய விங்லெஸைச் சுரக்கவைத்தால் அங்கேயும் கருக்கிறது. விளிம்பைக் குறிக்கும் அதே விங்லெஸ், புது ஸ்விட்சுகள் கிடைத்ததால் புள்ளி வேலைக்கும் வந்துவிட்டது.

நிறம் எப்போது ஏறுகிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மதுரைச் சுங்குடிக்கு முதலில் முடிச்சு, பிறகு சாயம். சாயத்தொட்டிக்குப் புள்ளி எங்கே என்று தெரியாது. ஈயிலும் வரிசை அதேதான், முடிச்சுப் போட்ட இடம் வெளுக்காமல் கருக்கிறது என்பது மட்டும் தலைகீழ். யெல்லோவும் எபனியும் கூட்டுப்புழுவுக்குள்ளேயே இடம் பிடித்துவிடும். மெலனினுக்கான மூலப்பொருள், ஈ வெளியே வந்து சிறகை விரித்த பிறகு, நரம்புக் குழாய் வழியே ரத்தத்தோடு வந்து கசிகிறது. பியார்மிப்ஸ் ஆண் பிறக்கும்போது புள்ளி அநேகமாகத் தெரியாது. பிறந்த அன்றே பார்த்துவிட்டுப் ‘புள்ளியில்லை’ என்று நோட்டில் எழுதினால் முழுத் தரவும் வீண். இரண்டு நாள் வைத்திருந்து பாருங்கள்.

சரி, ஆய்வகம். டி.என்.ஏ. செலுத்தும் வேலைக்குப் போக வேண்டாம். ஒரு ஸ்டீரியோ நுண்ணோக்கி, வெப்பத்தை ஒரே அளவில் வைக்கும் ஒரு பி.ஓ.டி. இன்குபேட்டர், ஒரு வாட்டர் பாத் இருந்தால் போதும். சாதா வகையோடு (திரிபில்லாத இயல்பு ஈ) வெஸ்டிஜியல் (குட்டைச் சிறகு), கிராஸ்வெயின்லெஸ் (குறுக்கு நரம்பு இல்லாதது), கர்லி (சுருண்ட சிறகு) ஆகிய திரிபுகளை மைசூர்ப் பல்கலைக்கழக டிரோசோபிலா ஸ்டாக் சென்டர் போன்ற இடத்தில், துறைத் தலைவர் கடிதத்தோடு கேட்டுப் பாருங்கள்.

உணவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 100 கிராம் வெல்லம், 100 கிராம் கோதுமை ரவை, 10 கிராம் அகர், 7.5 மில்லி புரொப்பியோனிக் அமிலம். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, அகரைப் போட்டு முழுக்கக் கரையும்வரை காய்ச்சி, பிறகு ரவையைத் தூவிக் கட்டி தட்டாமல் கிளறுங்கள். அமிலத்தைக் கொதிக்கும்போது ஊற்றினால் ஆவியாகிப் போய்விடும், மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். இறக்கி 60 டிகிரிக்கு ஆறியதும் ஊற்றுங்கள். குப்பியில் ஊற்றி ஒரு இரவு மெல்லிய துணி போட்டு ஆறவிட்டு, மேலே உலர் ஈஸ்ட் நாலைந்து குருணை தூவுங்கள். சுவரில் நீர் வியர்த்திருக்கும்போது பஞ்சடைத்தால் புது ஈக்கள் அந்த ஈரத்தில் ஒட்டிக்கொண்டு சிறகு கசங்கிப்போகும். அதைக் கர்லி என்று எண்ணிய புராஜெக்டுகள் உண்டு. குப்பி வைக்கும் தட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவில் வையுங்கள்; எறும்பு ஒரே ராத்திரியில் ஒரு வகையையே காலி செய்துவிடும்.

25 டிகிரியில் முட்டையிலிருந்து ஈ வரை ஏறத்தாழ பத்து நாள். 30ஐத் தொட்டால் மெலனோகாஸ்டர் ஆண்கள் மலடாகிவிடும். சித்திரை, வைகாசியில் மதுரை அறைக்குள் குப்பியைத் திறந்தவெளியில் வைத்தால் அடுத்த தலைமுறை வராது. இன்குபேட்டரை மெயின் ஸ்விட்சோடு சேர்த்து இரவில் அணைத்துவிடும் வழக்கம் உள்ள கட்டடமாக இருந்தால், வாட்ச்மேனிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

மயக்க ஈதர் வேண்டாம் என்பதே என் யோசனை. அதன் கொதிநிலை 34.6 டிகிரி, நம் கோடையில் மூடியைத் திறந்ததுமே பறந்துவிடும், தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. அளவு மீறினால் ஈ செத்து, சிறகுகள் உடம்புக்குச் செங்குத்தாக எழும்பி நிற்கும், அதை மீண்டும் இனக்கலப்புக்குப் பயன்படுத்த முடியாது. குப்பியை ஐஸில் ஐந்து நிமிடம் புதைத்து, ஐஸ் மேல் வைத்த கண்ணாடித் தட்டில் கொட்டிப் பார்த்தால் போதும். இனக்கலப்புக்குப் பெண் ஈக்களை, 25 டிகிரியில் பிறந்து எட்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிடுங்கள். தாமதித்தால் கூடப் பிறந்த ஆணோடு சேர்ந்துவிட்டிருக்கும்.

எதைச் செய்வது? என் தேர்வு வெப்ப அதிர்ச்சிச் சோதனை. 1953இல் வாடிங்டன் வெளியிட்டது, கருவி குறைவு, கேள்வி ஆழம். சாதா வகைப் புழு கூட்டுப்புழுவாக மாறும்போது முதலில் வெள்ளையாக, அசையாமல் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் பழுப்பேறிவிடும். அந்த வெள்ளைநிலையில் ஈரத் தூரிகையால் பொறுக்கி, நேரம் குறித்து, ஈரமான வடிதாள் போட்ட குழாயில் 25 டிகிரியில் வையுங்கள். 21 முதல் 23 மணி நேரம் கழிந்ததும் 40 டிகிரி வாட்டர் பாத்தில் நான்கு மணி நேரம். மீண்டும் 25 டிகிரி. மூன்று நான்கு நாளில் வெளிவரும் ஈக்களில் ஒரு பகுதிக்குப் பின்குறுக்கு நரம்பு நடுவில் விட்டிருக்கும், சிலவற்றில் அறவே இருக்காது. ஜீன் எதுவும் மாறவில்லை, ஆனாலும் கிராஸ்வெயின்லெஸ் திரிபைப் போலவே தோற்றம்.

ஏன் அந்த 21 மணி? நீள நரம்புகள் ஏற்கெனவே குறிக்கப்பட்டுவிட்டன. குறுக்கு நரம்பு அந்த நேரத்தில்தான் எழும்புகிறது. பக்கத்து நீள நரம்புகளில் சுரக்கும் டிபிபியைச் சாக், கிராஸ்வெயின்லெஸ் ஆகிய புரதங்கள் நடுவெளிக்குச் சுமந்து வர வேண்டும். அந்தச் சுமை வேலை நடக்கும் சாளரத்தில் சூடு அடித்தால் நரம்பு அறுகிறது. 15ஆம் மணியிலும் 30ஆம் மணியிலும் அதிர்ச்சி கொடுத்த இரண்டு குழாய்களைக் கூடவே வைத்தால் இந்தச் சாளரத்தை நீங்களே வரைபடமாகக் காட்டலாம். அதுதான் வெறும் செயல்முறையைப் புராஜெக்ட் ஆக்கும். வாடிங்டன் நரம்பு அறுந்த ஈக்களையே தேர்ந்து தேர்ந்து இனம் பெருக்கியபோது, சில தலைமுறைகளுக்குப் பின் சூடு இல்லாமலே அறுந்த நரம்போடு ஈக்கள் பிறந்தன. மறைந்திருந்த மரபு வேறுபாடுகள் திரண்டுவிட்டன என்பது விளக்கம். அவ்வளவு தூரம் போக உங்கள் செமஸ்டர் காணாது.

பிழைகள் வருவது பெரும்பாலும் வெப்பத்தில். வாட்டர் பாத் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், குழாய்க்குள் ஒரு வெப்பமானியை வைத்து 40 ஆக எத்தனை நிமிடம் பிடிக்கிறது என்று பாருங்கள். பஞ்சடைப்புவரை குழாய் நீரில் மூழ்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் மேலே ஒட்டியது தப்பிவிடும். 41ஐத் தாண்டினால் பிழைப்பது குறையும். சாவு இருக்கும் என்பதால் ஒரு சுற்றுக்கு இருநூறு கூட்டுப்புழுவுக்குக் குறையாமல் எடுங்கள், சூடு படாத அதே அளவு ஒப்பீட்டுக் குழுவும் வேண்டும். மின்வெட்டில் இன்குபேட்டர் அறை வெப்பத்துக்கு ஏறிய நாளில் இருந்த கூட்டுப்புழுக்களை எந்தக் குழுவிலும் சேர்க்காதீர்கள்.

வெப்பம் வேறு திரிபுகளையும் விளையாட்டுக் காட்டும். வெஸ்டிஜியல் ஈயின் குட்டைச் சிறகு 29, 30 டிகிரியில் வளர்த்தால் நீளும். கர்லி 19 டிகிரியில் சில ஈக்களில் நேராகவே இருந்துவிடும். ஆகவே திரிபுகளைப் பிரித்து எண்ணுவது 25 டிகிரியில் மட்டும்.

சிறகை நிரந்தர ஸ்லைடாக்க, ஈயை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, கூரான ஃபோர்செப்ஸால் தோள்பட்டையை ஒட்டி இழுங்கள். தகட்டைப் பிடித்தால் கிழியும். ஐசோபுரோப்பனாலில் ஐந்து நிமிடம் இரண்டு முறை, ஸ்லைடில் மிச்சம் ஆவியாகும் தருணத்தில் ஒரு சொட்டு டி.பி.எக்ஸ். (ஸ்லைடில் ஒட்டும் தெளிவான பசை), சாய்வாகக் கவர்ஸ்லிப். பால்போல் வெளுத்தால் நீர் முழுக்கப் போகவில்லை. டி.பி.எக்ஸ். போடும் முன் உலர்ந்த சிறகு ஒன்றைக் கருப்புத் தாளின் மேல் வைத்துச் சாய்ந்த ஒளியில் பாருங்கள். மெல்லிய தகட்டின் தடிப்பால் எழும் வானவில் பட்டைகள் தெரியும். இவை நிறமியால் வருவதில்லை, தடிப்பு மாறுவதற்கேற்ப நிறம் மாறும். இவை ஒவ்வோர் இனத்திலும் நிலையான வடிவங்கள் என்று 2011இல்தான் முறையாக எழுதப்பட்டது. டி.பி.எக்ஸ்.ஸில் மூழ்கியதும் மறைந்துவிடும், ஆகவே படம் முன்பே எடுத்துவிடுங்கள்.

உள்ளூர் ஈக்களையும் சேர்க்க ஆசையென்றால், கனிந்த வாழைப்பழத்தில் ஈஸ்ட் தூவி, மாட்டுத்தாவணிப் பழச்சந்தைப் பக்கம் ஒன்றும் அழகர்மலை அடிவாரத்திலோ சிறுமலையிலோ ஒன்றுமாகப் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். சந்தையில் டிரோசோபிலா அனனாசே கிடைக்க வாய்ப்பு அதிகம். முதுகில் வெள்ளைக் கோடுள்ள சப்ரியோனஸ் இண்டியானஸும் வரும். நுனிப்புள்ளி உள்ள ஆண் மலைப்பக்கப் பாட்டிலில் கிடைத்தால் விடாதீர்கள். பெண்ணுக்குப் புள்ளி இல்லாததால் பார்த்து இனம் சொல்வது கடினம். பிடித்த பெண்களை ஒரு குப்பிக்கு ஒன்றாகத் தனித்தனியே வைத்து, அதன் மகன்களின் சிறகைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அனனாசேயை வைத்து இணைப்புக் கணக்குப் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மெலனோகாஸ்டர் ஆணில் குறுக்கேற்றம் (ஜோடிக் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வது) நடக்காது, அனனாசே ஆணில் நடக்கும். பாடப்புத்தக விகிதத்தை அப்படியே எதிர்பார்த்தால் விடை உதைக்கும்.